தொறந்துட்டாங்க

ஒரகடத்தில் கியர்பாக்ஸ் செய்கிற கம்பெனி ஒன்றில், லைன் முடிகிற இடத்தில் ஒரு சின்ன அறை இருக்கிறது. நாலு சுவரிலும் கறுப்பு ஸ்பாஞ்ச் ஒட்டியிருப்பார்கள். கதவைச் சாத்திவிட்டால் பக்கத்து ஷெட்டில் பிரஸ் மிஷின் இடிப்பது கூடக் காதில் விழாது. அந்த அறையில் கார்முகில் எட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். கியர்பாக்ஸை மேடையில் ஏற்றிச் சுற்ற விடுவார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். கேட்டுவிட்டு ஓகே என்பாள், இல்லாவிட்டால் என்ஜி என்பாள். என்ஜி என்றால் நாட் குட், உதவாது, சிவப்புத் தொட்டியில் போடு என்று அர்த்தம். ஒரகடம் பக்கம் இந்த வார்த்தை இல்லாமல் பேச்சே கிடையாது. கேன்டீன் சாம்பார் புளித்துப்போனால் என்ஜி. பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை பிடிக்காவிட்டால் அவனும் என்ஜி.

சும்மா சொல்லக் கூடாது, காது என்றால் அதுதான் காது. ஒருமுறை கம்ப்யூட்டர் பச்சை விளக்கைக் காட்டி ஓகே சொன்ன கியர்பாக்ஸை அவள் என்ஜி என்றுவிட்டாள்.

"மிஷினே ஓகே சொல்லுது, நீ இன்னாமா?" என்றார் சூப்பர்வைசர் நரசிம்மன்.

"மிஷின் சொல்லிட்டுப் போவட்டும் சார். மூணாவது கியர்ல ஒரு பல்லு அழுவுது."

பிரித்துப் பார்த்தார்கள். மூன்றாவது கியரில் ஒரு பல்லின் ஓரம் மயிரிழை அளவுக்கு உதிர்ந்திருந்தது. அன்றிலிருந்து நரசிம்மன் அவளை எதிர்த்துப் பேசுவதை விட்டுவிட்டார். அவளும் அன்றிலிருந்து கொஞ்சம் மிதப்பாகத்தான் நடக்கிறாள். நடக்கட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?

இந்தக் காதை வைத்துக்கொண்டு அவள் வீட்டில் செய்துகொண்டிருந்த இன்னொரு வேலை மட்டும் தெருவில் யாருக்கும் தெரியாது. அது தொடங்கியது கம்பெனி பஸ்ஸில். புனேயிலிருந்து பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பெண் இன்ஜினியர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தாள். கேட்கிறாயா என்று இயர்போனில் ஒரு பக்கத்தைக் கழற்றிக் கொடுத்தாள். கார்முகில் காதில் மாட்டினாள், உடனே எடுத்துவிட்டாள். இயர்போன் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தாள். கெடவில்லை, பாட்டே அப்படித்தான் என்றாள் அந்தப் பெண். மறுபடி மாட்டினாள். கிட்டார் ஒவ்வொரு தந்தியாகப் பேசவில்லை, மொத்தமாகக் கொட்டியது. டிரம் மனிதக் கையால் முடியாத வேகத்தில் ஓடியது. எல்லாவற்றுக்கும் பின்னால், வெகு தூரத்தில், யாரோ தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். படப்பையில் தொடங்கிய அந்த ஒரே பாட்டு மணிமங்கலம் வந்தும் முடியவில்லை.

பிளாக் மெட்டல் என்று பெயராம். அதிலும் இது அட்மாஸ்ஃபியரிக் வகை. கதை சொல்லாது, கேட்கிறவரைச் சுற்றி ஒரு இடத்தையும் அதன் காற்றையும் இருட்டையும் எழுப்பிவிடும். வாத்தியம், பாட்டு, பதிவு எல்லாமே ஒரே ஆள், எங்கோ பனி கொட்டுகிற தேசத்தில் தனியாக உட்கார்ந்து செய்தது என்றாள் புனேக்காரி.

"இது பனியைப் பத்தின பாட்டா?" என்று கேட்டாள் கார்முகில்.

"ஆமாம்."

"பனியாவது ஒண்ணாவது. இது மழ."

அதில் அவளுக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. அந்தச் சத்தத்தை அவள் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருந்தாள்.

அவள் வீடு குன்றத்தூர் பக்கம். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து மிச்சத் தண்ணீர் போகிற கால்வாய்க்கு இந்தப் பக்கம் மூன்றாவது தெரு. இரண்டாயிரத்துப் பதினைந்தில் அவளுக்கு இருபது வயது, பாலிடெக்னிக் முடிக்கிற வருஷம். டிசம்பர் முதல் தேதி ராத்திரி, மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது, ஷேர் ஆட்டோ ஓட்டுகிற திருமலை தெருமுனையிலிருந்து ஒரே ஒரு வார்த்தையைக் கத்திக்கொண்டு ஓடிவந்தார். "தொறந்துட்டாங்க!" எதைத் திறந்தார்கள், யார் திறந்தார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இந்தப் பக்கம் திறப்பது என்றால் ஏரி மதகுதான், கேட்க வேண்டியதே இல்லை. மாவு அரைத்து விற்கிற எதிர்வீட்டுப் பூமாரி கிரைண்டரைக் கட்டிலின் மேல் ஏற்றப் பார்த்தாள். கட்டிலே மிதந்தது. கார்முகிலும் அப்பாவும் அம்மாவும் மொட்டைமாடியில் ஒரு தார்ப்பாய்க்குக் கீழே விடிய விடிய நின்றார்கள். மழையும் கீழே ஓடுகிற தண்ணீரும் ஜனங்களின் கூச்சலும் சேர்ந்து ஒரே சத்தமாகிவிட்டது. எது எது என்று பிரிக்க முடியவில்லை. பிரிக்க முடியாத சத்தத்தை அவள் வாழ்க்கையில் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

அடுத்த வருஷமே அப்பாவும் அம்மாவும் வாலாஜாபாத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே மட்டும் பாலாறு இல்லையா என்று கேட்டால், "அதுல தண்ணி எங்க கீது?" என்பார் அப்பா. கார்முகில் போகவில்லை. வீட்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, அங்கேயே இருந்துகொண்டாள். மாடி அறையை வாடகைக்கு விட்டாள்.

பஸ்ஸில் அந்தப் பாட்டைக் கேட்ட மாதமே பழைய கிட்டார் ஒன்று வாங்கினாள். மூன்று வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உட்கார்ந்து ஆறு பாட்டுச் செய்தாள். இந்த இசைக்காரர்கள் எல்லாம் தங்களுக்கு இருட்டாக ஒரு பெயர் தேடி அலைவார்களாம். இவளுக்கு அந்தத் தொல்லையே இல்லை, பெற்றவர்களே வைத்துவிட்டார்கள். ஆல்பத்தின் பெயர் 'தொறந்துட்டாங்க'. அட்டைக்கு அவளே எழுதிவைத்திருந்த வரி: 'எல்லாம்: கார்முகில்'. அந்த வரியை அவள் அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொள்வாள்.

கத்துவதில்தான் சிக்கல். கிட்டாரை ஹெட்போன் போட்டுக்கொண்டு வாசிக்கலாம், டிரம்மைக் கம்ப்யூட்டரில் அடுக்கலாம். தொண்டையை எங்கே ஒளிப்பது? முதல் தடவை வீட்டில் கத்தியபோது பூமாரி விளக்குமாற்றோடு ஓடிவந்துவிட்டாள்.

"இன்னாடி, பாம்பா?"

"பல்லிக்கா."

"பல்லிக்கா இந்தக் கத்து கத்துன?"

அன்று முதல் கார்முகில் பல்லிக்குப் பயப்படுகிற பெண் என்று தெரு முடிவுகட்டிவிட்டது. அதற்கப்புறம் பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு நடுவில் தலையை நுழைத்து, தலையணையை முகத்தில் அழுத்திக்கொண்டு கத்தினாள். ஐந்து பாட்டுக்கு அது போதுமாக இருந்தது. ஆறாவது பாட்டுக்கு ஆகவில்லை. ஆறாவது பாட்டில் இருப்பது ஒரே வார்த்தை. அதைத் திருமலை அன்றைக்குக் கத்தினது போல, வாய் நிறைய, தெரு நீளத்துக்குக் கத்த வேண்டும்.

அதற்கு வழி கொடுத்தது ஆயுத பூஜை. அன்றைக்கு மட்டும்தான் கம்பெனியில் எல்லா மிஷினும் நிற்கும். எல்லாவற்றுக்கும் சந்தனம் பூசி, வாசலில் பூசணிக்காய் உடைத்து, ஜனம் மொத்தமும் பொரி வாங்க முன்பக்கம் போய்விடும். கார்முகில் நரசிம்மனிடம் போய் நின்றாள்.

"சார், என் ரூம்ல அர மணி நேரம் தனியா இருக்கணும். கத்தணும்."

நரசிம்மன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வூட்ல எதுனா பிரச்சனையா?"

"பாட்டு சார்."

"கத்துறது பாட்டா?" என்றவர், கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அர மணி நேரம். இந்த ஒரு தபா தான். அடுத்த தபா கேட்டா எனக்கு வேல போயிடும்" என்றார்.

சந்தன வாசனை அடிக்கிற அந்த அறையில், நெற்றியில் குங்குமத்தோடு, சின்ன ரெக்கார்டரை வைத்துக்கொண்டு கார்முகில் இருபத்திரண்டு முறை கத்தினாள். வீட்டுக்கு வந்து கேட்டாள். காது பழக்கம் சும்மா இருக்குமா? குரல் சுத்தமாக விழுந்த பதினைந்துக்கும் ஓகே என்று பெயர் போட்டு ஒரு ஃபோல்டரில் வைத்தாள். குரல் உடைந்து, கிழிந்து, பாதியில் செத்த ஏழுக்கும் என்ஜி என்று பெயர் போட்டு இன்னொன்றில் வைத்தாள். அந்த ஏழுதான் பாட்டு. ஓகே பதினைந்தும் யாரோ பஸ்ஸைக் கூப்பிடுவது போல இருந்தன. தன் அறையில் எட்டு வருஷமாக எதைச் சிவப்புத் தொட்டிக்கு அனுப்பினாளோ அதைத்தான் வீட்டில் அவள் தேடித் தேடி எடுத்துவைத்தாள். இது அவளுக்குத் தெரியும். வேறு யாருக்குத் தெரியும்?

ஷெர்லினுக்குத் தெரியாது. ஷெர்லின்தான் மாடி அறையில் வாடகைக்கு இருப்பவள். நாகர்கோவில்காரி, ஒரகடத்திலேயே வேறொரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை. ஞாயிறு காலையில் சர்ச் கொயரில் பாடுவாள். குரல் மணி போல இருக்கும். கார்முகில் பாட்டுச் செய்வது மட்டும் அவளுக்குத் தெரியும். "நாய் சண்டை போல இருக்குக்கா" என்பாள், ஆனாலும் ஞாயிறு மதியம் தவறாமல் டீ போட்டுக்கொண்டு வந்து வைப்பாள். அவளுக்கு இருக்கிற ஒரே வியாதி சுத்தம். அவளுடைய ஸ்டோர்ஸில் மாதம் ஒருநாள் சிவப்பு டேக் நாள். வேண்டாததை எல்லாம் கண்டுபிடித்து, சிவப்பு அட்டை கட்டி, வெளியே தள்ளிவிட வேண்டும். அந்தப் போட்டியில் இரண்டு வருஷமாக அவள்தான் முதல் பரிசு.

நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போக டிக்கெட் போடுவதற்காக ஷெர்லின் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு போனாள். இடமில்லை, இடமில்லை என்று லேப்டாப் கத்திக்கொண்டே இருந்தது. அக்காவுக்கு ஒரு உதவி செய்வோம் என்று பார்த்தாள். ஓகே என்று ஒரு ஃபோல்டர், என்ஜி என்று ஒரு ஃபோல்டர். ஒரகடத்தில் வேலை பார்க்கிற எவளும் செய்வதைத்தான் அவள் செய்தாள். செய்ததோடு நில்லாமல், குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டு, லேப்டாப்பை ஒரு துணியால் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எக்கா, இப்ப எம்புட்டு வேகமா ஓடுகு பாருங்க! வேண்டாததெல்லாம் நானாக்கும் எடுத்துப் போட்டது."

கார்முகில் திறந்து பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். "ஷெர்லின், என்ஜி எங்கடி?"

"என்ஜிய யாராவது வெச்சிட்டிருப்பாங்களாக்கா?"

கார்முகில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரெக்கார்டரில் இருந்ததையும் அவளே போன வாரம் அழித்திருந்தாள், மழையைப் பதிவு செய்ய இடம் வேண்டும் என்று. அழிந்ததை மீட்கிற மென்பொருள் ஒன்றை இறக்கிப் பார்த்ததில் பழைய ரேஷன் கார்டு போட்டோதான் மீண்டு வந்தது. பெங்களூரில் இந்த மாதிரி இசையை கேசட்டாகப் போடுகிற ஒரு சின்னக் குழு, ஐந்து பாட்டைக் கேட்டுவிட்டு, ஆறாவதைத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் அனுப்பச் சொல்லியிருந்தது. தவறினால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும், பிறகு எப்போதோ. ஆயுத பூஜையோ இனி அடுத்த வருஷம்தான். மூன்று வருஷ உழைப்பு, ஒரு வார்த்தை இல்லாமல் நொண்டிக்கொண்டு நின்றது.

"எனக்குத் தெரியாதுல்லாக்கா" என்று ஷெர்லின் அழ ஆரம்பித்தாள். கார்முகிலுக்கு அவளை நாலு அறை அறையலாமா என்று ஆத்திரம் வந்தது. கூடவே, உதவாததுக்கு வைக்கிற பெயரை உயிருக்கு வைத்தது யார் குற்றம் என்ற கேள்வியும் வந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டு, "மேல போ. எங்கிட்ட இப்போ பேசாத" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமையும் மழை விடவில்லை. கார்முகில் மாடிப்படி முடிகிற இடத்தில், தகரக் கூரைக்குக் கீழே ரெக்கார்டரை வைத்து ஓடவிட்டாள். பாட்டுக்குப் பின்னால் மழையாவது கிடைக்கட்டும். பிறகு கீழே வந்து பீரோவைத் திறந்து, புடவைக்குள் தலையை விட்டுக் கத்திப் பார்த்தாள். ஓகே. இன்னொருமுறை. அதுவும் ஓகே. தெருவில் காதுகள் இருக்கிற நினைப்பிலேயே தொண்டை ஒழுங்காக நடந்துகொண்டது. சாயங்காலம் நாலரை மணிக்கு வெறுத்துப்போய், மிளகு போட்டு வெந்நீர் வைக்கலாம் என்று சமையல்கட்டுக்குப் போனாள்.

மேலே ஷெர்லின் ஒரு முடிவோடு எழுந்தாள். கெடுத்தது நான், சரிசெய்ய வேண்டியதும் நான். கீழே அக்கா வீட்டுச் சுவரில் ஆறாவது பாட்டின் காகிதம் ஒட்டியிருப்பதை அவள் பார்த்திருக்கிறாள், அதில் ஒரே வார்த்தை. என்றைக்கோ ஒருநாள், "என்னத்தத் தொறந்தாவ?" என்று கேட்டதற்கு, "அப்புறம் சொல்றேன்" என்றிருந்தாள் அக்கா. அந்த அப்புறம் வரவே இல்லை. ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். கைப்பிடிச் சுவருக்குப் போய், மழையில் நனைந்தபடி, கொயரில் பாடுகிற மூச்சை எடுத்து, தெருவைப் பார்த்து மூன்று தடவை கத்தினாள்.

கார்முகிலுக்கு அடுப்பில் வெந்நீர் கொதித்தது நினைவிருக்கிறது. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் நினைவிருக்கிறது. அதற்கடுத்து நினைவிருப்பது, அவள் அரிசி டிரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மாடிப்படியின் பாதியில் நின்றதுதான். மேலே ஷெர்லின் பேயறைந்தவள் போல நின்றாள். கீழே தெரு இருந்த கோலத்தைச் சொல்லி முடியாது. திருமலை ஆட்டோவை எடுத்து மேட்டுப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். பூமாரி கிரைண்டரின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, "புடிடா, இத்தப் புடிடா" என்று போகிற வருகிறவரை எல்லாம் இழுத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் அடுத்துப் போகிற ஊருக்கு யாரோ போனில், "மணப்பாக்கத்துல சொல்லு, மேல ஏறச் சொல்லு" என்று அலறினார்கள். அரைத்து வைத்த மாவு வாசலில் கொட்டி மழையோடு ஓடிக்கொண்டிருந்தது.

கார்முகில் படியில் நின்றபடியே கணக்குப் போட்டாள். வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம். மழை நாள், ஏதோ வதந்தி என்று போய்விடும். ஆனால் நாளைக்கு நிஜமாகவே திறந்தால்? திருமலை கத்திக்கொண்டு ஓடிவரும்போது, அன்றைக்கும் இப்படித்தானே என்று இந்தத் தெரு கதவைச் சாத்திக்கொண்டால்? அவள் டிரம்மைப் படியிலேயே வைத்துவிட்டுக் கீழே இறங்கி, தெரு நடுவில் போய் நின்றாள்.

"யாரும் போவாதீங்க! தொறக்கல. ஏரி தொறக்கல. எங்க வூட்ல இருந்துதான் கத்தினது. பாட்டு. பாட்டுக்காகக் கத்தினது."

"இன்னாது? பாட்டா?" பூமாரி கிரைண்டரைக் கீழே வைத்தாள். "எவடி எந்தப் பாட்டுல இத்தப் பாடுவா? மனுசிதானா நீ? என் ஒடம்பு ஆடுறதப் பாரு. பாருடி!"

"மாடியில கீற பொண்ணு கத்திடுச்சுக்கா. அதுக்கு இந்த வார்த்த தெரியாது. தப்பு என்னுதுதான்."

திருமலை ஆட்டோவிலிருந்து இறங்கி வந்தார். "அந்தப் பொண்ணு மேல ஏன்மா போடுற? அது கத்தினது எனக்கும் கேட்டுது. ராகம் போட்டுக் கத்திச்சு. சர்ச்சுப் பாட்டு பழவுதுன்னு நெனச்சுகினு நான் பீடிய வலிச்சுகினு இருந்தேன். ரெண்டாவது ஒரு கொரலு வந்துச்சே, அதுக்குத்தான் ஓடினேன்."

"ரெண்டாவதா?"

"நீதான். உங்க வூட்டு உள்ளேர்ந்து. உன் கொரலு எனக்குத் தெரியாதா?"

"ஆமா" என்றாள் பூமாரி. "மொதல்ல கத்தினத நானும் கிறிஸ்மஸ் பாட்டுன்னுதான் நெனச்சேன். நீ கத்தினப்பதான் கிரைண்டரத் தூக்கினேன்."

கார்முகில் படியேறி, ரெக்கார்டரை எடுத்து, ஹெட்போனை மாட்டினாள். மழை. தகரம். ஷெர்லினின் குரல், மூன்று முறை, சுருதி பிசகாமல். ஓகே, ஓகே, ஓகே. பிறகு கீழே எங்கோ ஒரு பாத்திரம் விழுகிற சத்தம். அதற்குப் பின்னால், படிக்கட்டின் அடியிலிருந்து, கிழிந்து, உடைந்து, கடைசி எழுத்து வெறும் காற்றாகப் போய் ஒரு குரல் வந்தது. அவளுடைய குரல்தான். அவளுக்குத் தெரியாமல் அவள் வாயிலிருந்து போனது. ஆயுத பூஜையன்று கத்திய ஏழும் இதற்குக் கால்தூசி. அதன் பிறகு கேட் இடிக்கிறது, ஆட்டோ உறுமுகிறது, பூமாரி கிரைண்டர் கிரைண்டர் என்கிறாள், எல்லாம் மழையோடு சேர்ந்துகொண்டே போய், ஒரு இடத்தில் எது எது என்று பிரிக்க முடியாமல் ஆகிவிடுகிறது. ஒன்பது வருஷம் கழித்து இரண்டாவது தடவையாக அவளுடைய காது தோற்றது.

சந்தோஷமாகத்தான் இருந்தது. அவமானமாகவும் இருந்தது. பயந்து ஓடினவர்களின் குரலைக் கேட்காமல் எடுத்துப் பாட்டில் போடுவது எந்த ஊர் நியாயம்? மறுபடி கீழே இறங்கினாள். கூட்டம் இன்னும் கலையவில்லை.

"நான் மூணு வருசமா அந்த ராத்திரிய ஒரு பாட்டா செஞ்சுகினு கீறேன். இப்போ உங்க கத்தலும் அதுல வுழுந்துடுச்சு. நாளைக்குக் காலைல அனுப்பணும். வந்து கேளுங்க. வாணாம்னா உங்க முன்னாடியே அழிச்சுடுறேன்."

"அப்போ பல்லி?" என்றாள் பூமாரி.

"பல்லியும் இல்லக்கா."

"அடிப்பாவி" என்றாள் பூமாரி. "வரேன். வந்து கேக்குறேன். கேட்டுட்டு வச்சுக்குறேன் உன்ன."

கார்முகில் அவர்களிடம் இரண்டு மணி நேரம் அவகாசம் கேட்டிருந்தாள். அதற்குள் கிட்டாரையும் டிரம்மையும் அந்தப் பதிவின் மேல் ஏற்றினாள். ஷெர்லின் பக்கத்தில் உட்கார்ந்து, எதையும் தொடாமல், கையைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஏழு மணிக்குப் பூமாரியும் திருமலையும் இன்னும் நாலைந்து பேரும் குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார்கள். எட்டு வருஷமாக ஓகே, என்ஜி என்று அடுத்தவன் உழைப்புக்குத் தீர்ப்புச் சொல்லிப் பழகியவளுக்கு, இன்றைக்குச் சுவரோரம் நிற்க வேண்டியிருந்தது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஸ்பீக்கரைப் போட்டாள்.

முதல் இரண்டு நிமிஷம் திருமலை முகத்தைச் சுளித்தார். ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். கிட்டார் கொட்டிக்கொண்டே இருந்தது. ஷெர்லினின் குரல் தூரத்தில் மணி மாதிரி மூன்று முறை வந்து போனது. பிறகு அந்தக் குரல் வந்தது. காதைப் பொத்தியிருந்தவர் கையை எடுத்துவிட்டார். திருமலை பாயை விட்டுப் பாதி எழுந்து, சுற்றிலும் பார்த்துவிட்டு, திரும்ப உட்கார்ந்தார். பூமாரி கண்ணை மூடியிருந்தாள். தன் குரல் வந்தபோதும் திறக்கவில்லை. பாட்டு முடிந்து, வெறும் மழை மட்டும் ஓடி, அதுவும் நின்றது. வெளியே நிஜ மழை பெய்துகொண்டிருந்தது.

கார்முகிலால் பொறுக்க முடியவில்லை. "அழிச்சுடட்டாக்கா?"

"சும்மா கெட" என்றாள் பூமாரி. "அதுல என் பேரு போடுவியா?"

"போடுறேன்."

"பூமாரி, மாவுக் கடைன்னு போடு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதுக்கு இன்னா பேருன்ன?"

"பிளாக் மெட்டல்க்கா."

"அதெல்லாம் இல்ல" என்றாள் பூமாரி. "இது அன்னிக்கி ராத்திரி."